ஆரஞ்சு, ஓரத்தில் வெள்ளைப் பட்டை

இந்த ஜன்னலுக்குப் போட்டிருக்கும் திரை இரண்டு விரல் குட்டை. தைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். அளவு சரியாகத்தான் எடுத்திருப்பார். துணியை ஒருமுறை தண்ணீரில் போட்டுக் காயவைத்த பிறகு வெட்டியிருக்க வேண்டும், அவசரத்தில் அப்படியே வெட்டிவிட்டார்கள். முதல் சலவையிலேயே சுருங்கிவிட்டது. அதனால்தான் அடியில் வெயில் ஒரு கோடு போல வந்து உங்கள் மேஜைமேல் விழுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு வந்ததிலிருந்து கண் அங்கேயே போகிறது.

விசாரணைக்கு வந்தவனை நீங்கள் மூன்று முறை உட்காரச் சொல்லிவிட்டீர்கள். மரியாதைக்குச் சொல்கிறீர்கள், புரிகிறது மேடம். நான் நின்றுகொண்டே சொல்கிறேன். நடுநடுவே இப்படி நாலு எட்டு நடந்துகொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு எந்த நாற்காலியிலும் ஐந்து நிமிடம் தாண்டுவது கஷ்டமாக இருக்கிறது. வீட்டில் சாப்பிடுவதும் நின்றபடிதான். "பஸ்ஸைப் பிடிக்கப் போறவர் மாதிரி சாப்பிட்டா உடம்புல ஒட்டுமா?" என்று என் மனைவி கேட்பாள். தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

ஆளை உட்கார வைப்பதுதான் என் தொழில். முப்பத்தோரு வருஷம் ஜவுளிக்கடையில் அதைத்தான் செய்தேன். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால்கூட இருக்கலாம்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் படகு விஷயத்தைச் சொன்னால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள்.

பத்தொன்பது வயதில் ஜிப் போன ஒரு பையோடு இந்த ஊருக்கு வந்தேன். தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. பெரிய தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலை கிடைத்தது. முதல் வாரம் ஒரு அம்மா வந்து எலுமிச்சை மஞ்சளில் ரவிக்கைத் துணி கேட்டார். நாங்கள் வைத்திருந்தது மஞ்சள்தான், ஆனால் எலுமிச்சை மஞ்சள் அல்ல. "இல்லீங்கம்மா" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். அவர் சிரித்த முகமாகவே படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிர்க்கடைக்குள் போனார். பதினெட்டு அடித் தெரு அது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கையில் இரண்டு பெரிய பைகள். ரவிக்கைத் துணிக்கு எதற்கு இரண்டு பை?

அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். சிலர் சிகரெட்டை விடுவதுபோல.

பிறகு அந்தக் கடையே என் கைக்கு வந்தது, அது வேறு கதை. என் கடையில் வேலைக்குச் சேர்பவனுக்கு முதல் நாள் துணி மடிக்கச் சொல்லித் தரமாட்டேன். வந்தவர் கேட்டது கடையில் கிடையாதென்றால் என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் சொல்லித் தருவேன். "வந்துக்கிட்டு இருக்குக்கா. கிடங்குலேருந்து ஆள் கிளம்பிட்டான். நீங்க உட்காருங்க." அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி மெத்தைமேல் ஏறச் சொல்ல வேண்டும். கையிலிருக்கும் பையை வாங்கி ஓரமாக வைக்க வேண்டும். குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, பையை இறக்கி வைத்து, கையில் டீ வாங்கியவர் எழுந்து தெருவைக் கடக்க அரை மணி நேரமாவது ஆகும். அந்த அரை மணியில் அவர் வேறு ஏதாவது பிடித்து வாங்கிவிடுவார். நம்பாமல் முகம் சுளிப்பவர்களுக்கு மட்டும் ஒரு மருந்து உண்டு. வரப்போகும் துணியின் நிறத்தைச் சொல்ல வேண்டும், கரையைச் சொல்ல வேண்டும். "மயில் பச்சைக்கா, கீழ ரெண்டு விரல் அகலத்துக்கு கரும்பச்சை பார்டர்." கண்ணில் பார்த்ததுபோல ஆகிவிடும் அவர்களுக்கு.

கடையைக் கவனித்துக்கொள்ளும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். "மாமா, அந்தக் கிடங்கு எங்க இருக்குன்னு சாகுறதுக்குள்ள எனக்கு ஒரு தடவை காட்டிடுங்க" என்பான். எங்களுக்குக் கிடங்கே கிடையாது. கடைப் பையன்கள் எல்லாரும் சிரிப்பார்கள். வாங்குபவர்களில் பாதிப் பேருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் உட்கார்ந்தார்கள். மறுக்கிற வாய்க்கு முன்னால் நிற்பதைவிட, பொய்யான வரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது மனிதர்களுக்குச் சுகமாக இருக்கிறது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை மேடம், பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வியாபாரிகள் சங்கம்தான் என்னை நகராட்சித் தேர்தலில் நிறுத்தியது. பெரிய தெருவை ஒருவழிப் பாதை ஆக்கப்போகிறார்கள், நம் ஆள் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்றார்கள். எதிர்க்கடைக்காரரும் நின்றார். அவர் நல்ல மனிதர், என்னைவிட ஆறு வயது சின்னவர், எங்கே பார்த்தாலும் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். மேடையில் அவர் கணக்காகப் பேசினார், இதைச் செய்ய முடியும், இதைச் செய்ய முடியாது என்று. நான் எதையும் முடியாது என்று சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தேன்.

அந்த ஓட்டு முழுக்க ஆற்று வளைவில் இருக்கும் தையல்காரர் குடியிருப்பிலிருந்து வந்தது. அங்கிருப்பவர்கள் எல்லாரும் என் கடைக்குத் தைப்பவர்கள். அவர்களுக்காக அங்கே ஒரு மாடிக் கட்டடம் கட்டிக் கொடுத்திருந்தேன், மேலே தையல் கூடம். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது காஜா அக்கா. சட்டைக்கு காஜா, அதாவது பொத்தான் துளை, எடுப்பதில் ஆரம்பித்தவர் என்பதால் அந்தப் பெயர். நான் நகராட்சித் தலைவரான பிறகு ஊரே என்னைத் "தலைவரே" என்றது, அவர் மட்டும் "முதலாளி" என்பதை மாற்றவே மாட்டேன் என்றார். "தலைவரு அஞ்சு வருஷத்துக்குத்தான். முதலாளி நான் கண்ணு மூடுற வரைக்கும்" என்பார்.

நகராட்சியிலும் கடை வழக்கத்தையே கொண்டுவந்தேன். முன்பெல்லாம் மனுவோடு வருபவர்களிடம் குமாஸ்தாக்கள் நிதி இல்லை, ஆள் இல்லை, விதியில் இடம் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வார்கள். நான் வந்த முதல் வாரமே நடைபாதையில் நாற்காலிகள் போடச் சொன்னேன். தெருவிளக்கா, வந்துகொண்டிருக்கிறது. குழாயா, வந்துகொண்டிருக்கிறது. ஜனங்கள் சந்தோஷமாகத்தான் திரும்பிப் போனார்கள். எங்கள் பொறியாளர் ஒருவர்தான் அந்தக் கட்டடத்தில் இன்னும் பழைய மாதிரி பேசுபவர். "தலைவரே, நீங்க வரவேற்பறைல உட்கார்ந்தா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார் ஒருநாள். கிண்டல்தான். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டரை வருஷம் ஓடியது. பிறகு கவுன்சிலர்கள் சிலர் எதிர்க்கடைக்காரர் பக்கம் சாய ஆரம்பித்தார்கள். பத்தொன்பது பேரில் பத்துப் பேர் என்னோடு. ஒருவர் மாறினாலும் நான் இறங்க வேண்டும். என்னை இறக்கும் தீர்மானத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது, ஆறு ஊருக்குள் வந்த நாளிலிருந்து சரியாகப் பத்தாம் நாள். இதை நீங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆமாம், அதுதான் காரணம் என்று நீங்கள் நினைப்பதில் தப்பு கிடையாது. ஆனால் அது பாதிதான்.

அன்று காலை ஏழரைக்கு அணையைத் திறந்தார்கள். குடியிருப்புக்குள் வண்டி போகும் ஒரே வழி பாலத்தடிச் சாலை, அது எட்டு மணிக்கே முழுகிவிட்டது. மிச்சம் ஆற்றங்கரைமேல் நடக்கும் பாதை. அதில் இருபது நிமிடம் நடந்தால் மேடு வந்துவிடும். அந்த மேட்டில் எதிர்க்கடைக்காரரின் சரக்குக் கிடங்கு. அவருக்கு நிஜமாகவே கிடங்கு உண்டு. அதைத் திறந்துவிட்டு, பாய் போட்டு, கரை முடியும் இடத்தில் மூன்று லாரிகளையும் நிறுத்தி வைத்திருந்தார். போட்டோ எடுப்பவர்களும் வந்துவிட்டார்கள் என்று மச்சான் போனில் சொன்னான்.

எட்டு நாற்பதுக்குப் பொறியாளர் என் அறைக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"தலைவரே, ரெண்டு படகு கேட்டிருந்தோம்ல, மேலிடத்துல கையை விரிச்சுட்டாங்க. எல்லாம் அணைப் பக்கம் போயிடுச்சு. நாளைக்குக் காலைலதான்."

"சரி."

"அப்ப படகு இல்லைன்னு அங்க சொல்லிடுங்க. கரைமேல இன்னும் கணுக்கால் தண்ணிதான். சொன்னா நடந்து ஏறிடுவாங்க. பத்தரைக்கு மேல அந்தப் பாதை இருக்காது."

"பயந்துடுவாங்க."

"பயப்படட்டும் தலைவரே. பயந்தாத்தான் நடப்பாங்க."

அவர் கையில் போன் இருந்தது. எண்ணைப் போடப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வாங்கிக்கொண்டேன் என்பதுதான் என் ஞாபகம், ஆனால் அவர் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள், அந்த மனிதருக்குப் பொய் வராது. அவரை மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன்.

முதல் அழைப்பு எட்டு ஐம்பதுக்கு.

"முதலாளி, வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. கரைமேல ஏறி அந்தக் கிடங்குக்குப் போயிடலாம்னு எல்லாரும் மூட்டையும் கையுமா நிக்கிறாங்க. நான்தான் முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்னு நிறுத்தி வெச்சிருக்கேன்."

என் மேஜையிலிருந்து பார்த்தால் ஆறு தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தப் பதினெட்டு அடித் தெருதான். என்னுடைய ஆட்கள், நான் கட்டிக் கொடுத்த கூடத்தில் உட்கார்ந்து தைப்பவர்கள், வரிசையாக இறங்கி எதிர்ப்பக்கம் நடக்கிறார்கள். எலுமிச்சை மஞ்சள் கேட்ட அம்மாவின் முதுகு எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

"எதுக்குக்கா குழந்தை குட்டியோட நடக்கணும்? படகு வந்துக்கிட்டு இருக்கு. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மாடிக்குப் போங்க. கூடத்துல உட்காருங்க."

கேட்டுக்கொண்டார். பதினோரு குடும்பங்கள் அதற்கு முன்பே கரையில் ஏறிப் போயிருந்தன. அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஒன்பது இருபதுக்கு எதிர்க்கடைக்காரரே கூப்பிட்டார். "அண்ணே, அரசியலை நாளைக்குப் பாத்துக்கலாம். உங்க ஆளுங்க நான் கூப்பிட்டா அசைய மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எந்திரிச்சுடுவாங்க. நானே கரைல இறங்கிக் கூட்டிட்டு வந்துடறேன்."

"எதுக்கு தம்பி உங்களுக்குச் சிரமம். படகு பாதி வழி வந்தாச்சு. நீங்க மத்த இடத்தைப் பாருங்க."

"நெஜமாவாண்ணே?"

"தலைவர் சொல்றேன்."

அவர் நம்பினார். எதிர்க்கடைக்காரராகக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார், எங்கள் தொழில் அவருக்குத் தெரியும். தலைவர் என்றதால் நம்பினார். மூன்று லாரிகளையும் ரயில் நிலையத்துப் பக்கம் அனுப்பிவிட்டார். இப்போது ஊரில் எல்லாரும் அவரைத்தான் ஏன் திருப்பி அனுப்பினாய் என்று கேட்கிறார்களாம். அது நியாயமே கிடையாது. அவர்மேல் ஒரு தவறும் கிடையாது, இதை முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

ஒன்பதே முக்காலுக்கு இரண்டாவது அழைப்பு. கூடத்தில் நாற்பத்தாறு பேர் என்றார் காஜா அக்கா. யாரும் உட்காராமல் ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார்கள், மூட்டையைக்கூட இறக்கவில்லை என்றார்.

"மூட்டையை ஏன்கா கையிலயே வெச்சிருக்காங்க? அவிழ்த்து வைக்கச் சொல்லுங்க. அடுப்புல டீ போடுங்க. செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லுங்க, தைச்ச துணி கிடக்குதுல்ல."

இதைச் சொல்லும்போது எனக்குக் குரலே மாறவில்லை. வாய் தானாகச் சொன்னது. பிறகு அந்தப் படிக்கட்டில் உங்கள் ஆட்கள் எடுத்த போட்டோவைக் காட்டினீர்கள். மேல் படியில் செருப்புகள் ஜோடி ஜோடியாக, சுவரோடு சேர்த்து. தண்ணீர் அத்தனையையும் கொண்டுபோன இடத்தில் அது எப்படி அங்கேயே நின்றது என்று யோசித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். தொலையக் கூடாது என்று யாரோ பொறுப்பாகச் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது அழைப்பில் விசேஷமாக ஒன்றும் கிடையாது, "எங்க வருது?" "பாலத்துக்கிட்ட." என் போனில் பதிவானவற்றில் நான்காவதுதான் நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது. பத்து மணி பத்து நிமிடம். பாதை இன்னும் இருந்தது. முழங்கால் தண்ணீர், ஆனால் நடக்கலாம்.

காஜா அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு பதிவில் சரியாக விழவில்லை, நான் கேட்டேன்.

"முதலாளி, ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது. இது நெஜப் படகா, இல்ல கடைப் படகா?"

இருபது வருஷம் என் கடைக்குத் தைத்தவர். எங்கள் கிடங்கு எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்போது நான் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்திருந்தால், அவரே புரிந்துகொண்டு, செருப்பு மாட்டிக்கொள்ளச் சொல்லியிருப்பார். எனக்குப் பேசாமல் இருக்க வராது.

"நெஜப் படகுதான்கா. ஆரஞ்சுக் கலரு. ஓரத்துல சுத்தி வர வெள்ளைப் பட்டை, நாலு விரல் அகலத்துக்கு. வந்தா தூரத்துலயே தெரியும் பாருங்க."

"அப்படின்னா சரி முதலாளி" என்றார்.

பத்தரைக்குக் கரை முழுகியது.

அதற்குப் பிறகு ஐந்து, ஆறு. குழந்தைகளை மேஜைமேல் ஏற்றி ஜன்னலில் நிறுத்தியிருக்கிறோம், யார் முதலில் வெள்ளைப் பட்டையைப் பார்க்கிறார்கள் என்று போட்டி வைத்திருக்கிறோம் என்றார். நல்லது என்றேன். என் மனைவியும் கூப்பிட்டாள். "என்னங்க, அங்க நம்ம காஜா அக்கா இருக்காங்களே, படகு போயிடுச்சா?" அவளிடமும் அதையேதான் சொன்னேன், நிறத்தோடு. மனைவிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று நான் பேசியது கிடையாது.

ஏழாவது அழைப்பு பதினொன்று நாற்பதுக்கு. சத்தம் அதிகம், காஜா அக்கா கத்திப் பேசினார், ஆனால் பயந்து கத்தவில்லை.

"முதலாளி, ஆரஞ்சா என்னவோ தெரியுது. வளைவுல வருது. அதானா?"

"அதேதான்கா."

அவர் திரும்பி மற்றவர்களிடம் "அதேதானாம்" என்றார். கூடத்தில் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். சந்தோஷத்தில்தான். அதன்பின் ஆற்றுப்பக்கச் சுவர் இடிந்து போனது என்று உயிர் பிழைத்த மூன்று பேரில் ஒருவர் சொல்லியிருக்கிறார். எல்லாரும் ஒரே ஜன்னல் பக்கம் சேர்ந்து நின்றார்களாம். ஆரஞ்சாக வந்தது ஒரு பிளாஸ்டிக் டிரம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அதில் பட்டை எதுவும் கிடையாதாம்.

பத்தாம் நாள் கூட்டம் கூடியது. ஊர் துக்கத்தில் இருக்கும்போது தலைவரை மாற்றுவது சரியாகாது என்று எதிர்க்கடைக்காரர் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த அளவில் நான் நினைத்தது நடந்தது. யாரும் தெருவைக் கடக்கவில்லை.

ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொல்கிறேன். எட்டு நாற்பதுக்கே எனக்குத் தெரியும். எந்தப் படகும் எங்கிருந்தும் கிளம்பவில்லை என்று தெரிந்தே, ஏழு முறை வருகிறது என்று சொல்லி, நடந்து போயிருக்கக்கூடிய நாற்பத்தாறு பேரை அந்தக் கூடத்தில் உட்கார வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டவர் ஒருவரையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பதையும் கூடவே எழுதுங்கள், அதுவும் உண்மைதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா? குனிந்து போட்டுவிடுகிறேன், நாற்காலி வேண்டாம். அந்தத் திரைக்குப் புதுத் துணி மச்சானிடம் சொல்லி அனுப்புகிறேன், இந்த முறை நனைத்து வெட்டச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்களே, அதற்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று பேனா நகர்வதிலேயே தெரிகிறது. வருத்தம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள் மேடம். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததாக எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது. வந்துகொண்டிருக்கிறது என்று எழுதுங்கள்.